எட்டு பன்னிரண்டு லேடீஸ் கம்பார்ட்மென்ட்

ரயில்வே வண்டியை நிறுத்தியது. நாங்கள் நிறுத்தவில்லை.

மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு போட்ட மூன்றாம் நாள் காலை எட்டு பத்துக்கு என் போன் அலறியது. எடுத்தால் வீடியோவில் ஹேமாவதி. "அக்கா, வண்டி கிளம்பப் போகுது, சீக்கிரம் ஏறுங்க!" என்று கத்தினாள். பின்னாலேயே கன்னியம்மாக்கா வந்தார், முகத்தில் பாதி நெற்றி மட்டும் தெரிந்தது. கடைசியாகத் தையல்நாயகி, ஈரத் தலையில் துண்டோடு. நான் அடுப்பில் இருந்த உப்புமாவை மறந்துவிட்டு, "சானட்டோரியம்!" என்று அடுத்த ஸ்டேஷனை அறிவித்தேன். அன்றைக்குத் தொடங்கியதுதான்.

நாங்கள் நாலு பேரும் தாம்பரத்தில் கிளம்பும் எட்டு பன்னிரண்டு பீச் லோக்கலில், லேடீஸ் கம்பார்ட்மென்டில், ஒரே இடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து போகிறவர்கள். நான் ஈவ்லின், வீடு சேலையூர், எழும்பூரில் ஒரு தனியார் ஆபீஸில் வேலை. கன்னியம்மாக்கா மேற்குத் தாம்பரம், கோடம்பாக்கத்தில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் சமையல். வண்டி ஏறியதும் தூங்கிவிடுவார், மாம்பலம் தாண்டியதும் நாங்கள்தான் உலுக்கி எழுப்ப வேண்டும். தையல்நாயகி படப்பையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். அப்பா விட்டுப்போன நிலம் நீச்சு இருக்கிறது, இருந்தாலும் வக்கீல் ஆபீஸ் டைப்பிங் வேலையை விட மாட்டாள், கோட்டை ஸ்டேஷனில் இறங்குவாள். ஹேமாவதிக்கு இருபத்தாறு வயது, நுங்கம்பாக்கத்தில் ஒரு போன் கடையில் நின்றுகொண்டே வேலை. மற்ற மூவரும் பதினொரு வருஷப் பழக்கம், அவள் மட்டும் நாலு வருஷம்.

எங்கள் போன் வண்டிக்குச் சட்டதிட்டம் எல்லாம் உண்டு. எட்டு பன்னிரண்டுக்கு ஏறவில்லை என்றால் வண்டி போய்விடும், கெஞ்சினாலும் நிற்காது. ஸ்டேஷன் பெயரைச் சரியான இடைவெளி விட்டு நான்தான் அறிவிப்பேன், சர்ச் பாடகர் குழுவில் பாடுகிற குரல் என்னுடையது. அவரவர் ஸ்டேஷன் வந்ததும் 'இறங்கிட்டேன்' என்று சொல்லிவிட்டு போனை வைக்க வேண்டும். ஜன்னல் சீட்டுக்கு இங்கேயும் சண்டை. திரையில் மேல் மூலைக் கட்டம்தான் ஜன்னல் சீட் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். ஒவ்வொருவர் போனிலும் கட்டம் மாறித் தெரியும் என்று ஹேமாவதி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். நாங்கள் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

சிரிப்பதற்காக ஆரம்பித்தது போகப் போக வேறு மாதிரி ஆகிவிட்டது. ஹேமாவதிக்கு மே மாதம் வேலை போனது, அதை முதலில் எங்களிடம்தான் சொன்னாள், திரிசூலத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவில். கன்னியம்மாக்காவின் மெஸ் மூடியபோது அவர் போனிலேயே உட்கார்ந்து அழுதார், அன்றைக்கு மட்டும் தூங்கவில்லை. எட்டு பன்னிரண்டுக்கு ஓர் இடத்தில் நம்மைத் தேடுவார்கள் என்பதற்காகவே நாலு பேரும் குளித்தோம், தலை வாரினோம், பொட்டு வைக்கிறவர்கள் பொட்டு வைத்தார்கள். அந்த நாற்பது நிமிஷம் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஏனென்றால் ஒரு விஷயத்தை அவர்களிடம் நான் சொல்லவே இல்லை. ஜூன் மாதத்திலிருந்து நான் என் வீட்டு கேட்டைத் தாண்டவில்லை.

எங்கள் எதிர்வீட்டில் ரத்தினபாய் டீச்சர் இருந்தார்கள். பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்து இடம். ஜூன் மாதம் ஒரு பகல் வேளையில் ஆம்புலன்ஸ் வந்தது. டீச்சர் தாங்களே நடந்து ஏறினார்கள். நான் என் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர்கள் ரெண்டு விரலைக் காட்டி, ரெண்டே நாளில் வந்துவிடுவேன் என்று சைகை செய்தார்கள். வரவில்லை. அடக்கத்துக்குக்கூட யாரும் போக முடியவில்லை.

அதற்கப்புறம் அந்த கேட்டில் கை வைத்தாலே எனக்கு நெஞ்சு திம் திம் என்று அடிக்கும், விரல் மரத்துப்போகும், மூச்சு மேலே நிற்கும், கீழே இறங்காது. இதுதான் எனக்கும் வந்துவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். உள்ளே ஓடி வந்து கதவைச் சாத்தினால் பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நியூஸ் பேப்பரை இஸ்திரி போட்டேன். என் வீட்டுக்காரர் ஜெபராஜ் பி.டி. மாஸ்டர், பொறுமைசாலி. "ஒரு டாக்டர்கிட்ட போன்ல பேசலாமா ஈவ்லின்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "எனக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று நான் கத்திய கத்தலில் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கம்பார்ட்மென்டுக்கே நான்தான் தலைவி. தலைவிக்குத் தெருவில் இறங்கப் பயம் என்று எப்படிச் சொல்வது? கேம்ப் ரோடு மார்க்கெட்டுக்குப் போனேன், சர்ச் திறந்ததும் போய்விட்டு வந்தேன் என்று தினம் ஒரு கதை விட்டேன். வாய் கூசாமல் விட்டேன்.

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை. வண்டி குரோம்பேட்டை தாண்டியிருக்கும், ஹேமாவதி திடீரென்று கீச்சென்று கத்தினாள். தொலைந்தது, புயல் வந்து முடிச்சூரில் அவள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அக்கா! ட்ரெயின்! திங்கக்கிழமையிலேருந்து லேடீஸ் எல்லாரும் போலாமாம்! கூட்டம் இல்லாத நேரத்துல, பத்து மணிக்கு மேல! நியூஸ்ல போட்டுட்டான்!"

"இன்னாடி சொல்ற?" கன்னியம்மாக்கா தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தார். போன் கையிலிருந்து விழுந்து, கொஞ்ச நேரம் அவர் வீட்டு மின்விசிறி மட்டும் தெரிந்தது. "மெய்யாலுமா? மெய்யான ரயிலா?"

"மெய்யான ரயிலு, மெய்யான சீட்டு!"

தையல்நாயகி சாதாரணமாகச் சத்தம் போட்டுச் சிரிக்கிறவள் இல்லை. அன்றைக்குப் படப்பைக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள். நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். திங்கட்கிழமை பத்து பத்து வண்டி, யாருக்கு வேலை இருக்கிறதோ இல்லையோ, பீச் வரைக்கும் போய்விட்டுத் திரும்புவது. தையல் எலுமிச்சை சாதம், கன்னியம்மாக்கா மசால் வடை, ஹேமாவதி புது மாஸ்க் நாலு, எல்லாம் ஒரே நிறத்தில். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன், சந்தோஷம் நிஜம். அந்த வண்டிச் சத்தம், பல்லாவரத்தில் ஏறும் பூக்காரம்மாவின் கூடை வாசனை, எல்லாம் நெஞ்சுக்குள் வந்து நின்றது. கூடவே கேட்டும் வந்து நின்றது.

அந்தப் பரபரப்பில்தான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "எனக்கு நேத்தே தெரியும்" என்றேன். "நான் ஸ்டேஷனுக்கே போய் விசாரிச்சிட்டு வந்துட்டேன். வெஸ்ட் பக்கம் கவுன்டர்ல ஒரு அம்மா இருந்தாங்க, எல்லாம் விவரமா சொன்னாங்க."



"வெஸ்டு பக்கமா?" என்றார் கன்னியம்மாக்கா. "அங்க தான் தகரம் வெச்சு அடிச்சிகீறானே. நானு தெனம் அந்தாண்டதான் காய் வாங்கப் போறேன். கவுன்டரு தொறந்து மாசம் எத்தினி ஆவுது?"

"இல்லக்கா, சைடுல ஒரு வழி..."

"சைடுல ஏது வழி? இன்னா ஈவ்லினு, கத வுடுற?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு முகம் சூடாகிவிட்டது. தையல்நாயகி என்னையே உற்றுப் பார்த்தாள். "ஈவ்லின்" என்றாள் மெதுவாக. "நீ கடைசியா எப்ப வெளியில போன?"

நான் அழைப்பைத் துண்டித்துவிட்டேன். மீனம்பாக்கம்கூட வரவில்லை. பதினொரு வருஷத்தில் நான் அப்படி நடுவழியில் இறங்கியதே இல்லை.

மதியம் வரை போன் அடித்துக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை. ஜெபராஜ் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார், தின்னவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல்நாயகி தனியாக அழைத்தாள், வீடியோ இல்லாமல். இவளை எடுக்காமல் இருந்தால் பஸ் ஏறி வந்துவிடுவாள் என்று தெரியும். எடுத்தேன்.

"ஒண்ணும் பேச வேணாம், கேளு" என்றாள். "ஜூலை மாசம் பூரா நான் தூங்கல. மொட்டை மாடியில நடந்துக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் கைப்பிடிச் சுவர்கிட்ட நின்னப்ப என் மேலயே எனக்குப் பயம் வந்துடுச்சு. அப்பதான் ஒரு டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணேன். இப்பவும் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை பேசுறேன், மாத்திரை போடுறேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ ஏன்டி சொல்லல?"

நான் அழுதேன். இருபது நிமிஷம் அழுதேன், அவள் பாட்டுக்குப் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட், விரல், மூச்சு, இஸ்திரி போட்ட பேப்பர், டீச்சரின் ரெண்டு விரல், எல்லாம்.

"மத்தவங்ககிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"கன்னியம்மாக்கா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அவங்க சிரிச்சா நமக்கு என்ன குறைஞ்சுபோவுது? டாக்டரம்மா எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்றேன். நாளைக்கே பீச்சுக்குப் போகணும்னு நினைக்காத. அடுத்த ஸ்டேஷன் மட்டும் நினை."

அந்த அம்மா இதைச் சொன்னார்களோ, இவளாகச் சேர்த்துக்கொண்டாளோ, தெரியாது.

திங்கட்கிழமை வானம் மூட்டமாக இருந்தது. புயல் வரப்போகிறது என்று டிவியில் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எட்டு பன்னிரண்டுக்குப் போன் அடித்தது, நாலு பேரும் ஏறினோம். நான் பெட்ரூமில், ஊதாப் பூப்போட்ட புடவையில், மாஸ்க்கோடு.

"இன்னிக்கி அறிவிப்பு நான்" என்றாள் ஹேமாவதி. "ஈவ்லின் அக்கா பயணி. அக்கா, நீங்க நிக்கிற இடம் தாம்பரம். ஹால் சானட்டோரியம். வாசப்படி குரோம்பேட்டை. கேட் பல்லாவரம். தெருமுனை திரிசூலம். அதுக்கு மேல ஜெபராஜ் சார் ஸ்கூட்டர்ல. சரியா?"

"சின்னப் பிள்ளை விளையாட்டா இருக்கு" என்று எரிந்து விழுந்தேன்.

"எட்டு மாசமா இன்னா வெளாண்டுகினு இருந்தோமாம்?" என்றார் கன்னியம்மாக்கா. "நட ஈவ்லினு!"

ஹேமாவதி எங்கிருந்தோ எடுத்துவைத்திருந்த ரயில் ஹாரனைப் போட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே ஹாலுக்கு வந்தேன். சானட்டோரியம். ஜெபராஜ் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்துக்கு நிற்கிற மாதிரி நின்றார். குரோம்பேட்டை வரைக்கும் வந்துவிட்டேன். அங்கிருந்து கேட்டுக்குப் பதினாலு அடி. பதினாலும் நடந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்ததும் வந்துவிட்டது.

விரல் மரத்தது. காதுக்குள் இரைச்சல். எதிர்வீட்டுப் பக்கம் பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்தேன், தரை ஆடியது. "என்னால முடியல" என்றேன். "உள்ள போறேன்."

"சிக்னல் விழல, அவ்வளவுதான்" என்றாள் தையல்நாயகி. அவள் ஏற்கெனவே தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள், பின்னால் பஸ் சத்தம். "சிக்னல் விழலன்னா வண்டி நிக்கும். நீயும் நில்லு. ஈவ்லின், இத்தனை வருஷத்துல நின்ன லோக்கலை எத்தனையோ பாத்திருக்க. ரிவர்ஸ்ல போன லோக்கலைப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப நில்லு."

நின்றேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வழிய நின்றேன். போனில் மூன்று பேரும் என்னை மறந்துவிட்டது போல வடைக்குச் சோம்பு போடலாமா கூடாதா என்று சண்டை போட்டார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. வழக்கமாக நான் இதற்குள் ஓடியிருப்பேன். ஓடாமல் நின்றது இதுதான் முதல் தடவை. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. உச்சத்துக்குப் போன அந்தப் படபடப்பு அங்கேயே நிற்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உள்ளே ஓடினால்தான் இறங்கும் என்று ஐந்து மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். கேட்டில் நின்றாலும் இறங்குகிறது!

"இறங்குது" என்றேன். "தையல், இறங்குதுடி!"

"பல்லாவரம்! பல்லாவரம்!" என்று ஹேமாவதி கூவினாள்.

கேட்டைத் திறந்து வெளியே ஒரு காலை வைத்தேன். மறு காலையும் வைத்தேன். பிறகு தலையை நிமிர்த்தி எதிர்வீட்டைப் பார்த்தேன். பூட்டு தொங்கியது. டீச்சர் வாசலில் வைத்திருந்த துளசிச் செடிகள், யாரும் தண்ணீர் ஊற்றாமலே, மழையில் தாமாகத் தழைத்திருந்தன. "டீச்சர், போயிட்டு வரேன்" என்று சத்தமாகவே சொன்னேன். எங்கள் தெருவில் காய்கறி வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார், பார்த்தால் பார்க்கட்டும்.

தெருமுனைக்கு முன்னால் இன்னும் ரெண்டு தடவை சிக்னல் விழவில்லை, ஒவ்வொரு தடவையும் அரை மணிக்கு மேல் ஆயிற்று. ஒருமுறை மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை ஜெபராஜின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்கூட்டரில் ஏறியபோது மணி ஒன்பது ஐம்பது. போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. கேம்ப் ரோடில் காற்று முகத்தில் அடித்தது, அத்தனை கடையும் திறந்திருந்தது, ஜனங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. "வேகமாப் போங்க, வேகமாப் போங்க!" என்று அவர் முதுகில் தட்டினேன்.

"போலீஸ் பிடிச்சா?"

"பிடிச்சா பிடிக்கட்டும், போங்க!"

சிக்னலில் மாட்டிக்கொண்டோம். நிஜமான சிக்னல். கிழக்குப் பக்கத்தில் இறங்கி, சீட்டு வாங்க வரிசையில் நின்று, நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து ஜுரம் பார்த்து, படியேறி, படியிறங்கி, நான் பிளாட்பாரத்தில் மூச்சிரைக்க நின்றபோது மணி பத்து பதினாறு. தண்டவாளம் காலியாக இருந்தது. பத்து பத்து போய்விட்டது.

 எட்டு மாதம் போனில் வண்டி ஓட்டிவிட்டு, மெய்யான வண்டியைத் தவறவிட்டேன். அவர்கள் இந்நேரம் குரோம்பேட்டை தாண்டியிருப்பார்கள், வடை தின்பார்கள். தின்னட்டும், பாவம், எனக்காக எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கண்ணைத் துடைத்தேன்.

"ஈவ்லினு!"

பிளாட்பாரத்துக் கடைசியில், லேடீஸ் கம்பார்ட்மென்ட் வந்து நிற்கும் இடத்தில், மஞ்சள் மாஸ்க் போட்ட மூன்று பேர். ஒருத்தி கையில் டிபன் கேரியர்.

"வண்டியை விட்டுட்டீங்களா?" என்றேன்.

"வுட்டோம்" என்றார் கன்னியம்மாக்கா. "கதவாண்ட ஏறிட்டேன் நானு. இதுங்கதான் இஸ்துச்சுங்க." அப்புறம் குரல் உடைந்தது. "பொய் சொல்றேன். நான்தான் மொதல்ல எறங்குனேன்."

தொடக் கூடாது, தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் நாலு பேருக்கும் தெரியும். தள்ளியே நின்று நாலு பேரும் அழுதோம். ஹேமாவதி எனக்கு மஞ்சள் மாஸ்க்கை நீட்டினாள்.

அடுத்த வண்டி பத்தரைக்கு வந்தது. பெட்டி பாதி காலி. எங்கள் இடம் அப்படியே இருந்தது, நடுவில் யாரும் உட்காரக் கூடாதென்று பெருக்கல் குறி ஒட்டியிருந்ததுதான் வித்தியாசம். இடைவெளி விட்டு உட்கார்ந்தோம். வண்டி நகர்ந்ததும் கன்னியம்மாக்கா குலவை போட்டார், அந்தப் பக்கம் இருந்த நாலைந்து பெண்கள் கை தட்டினார்கள். எனக்கு அந்த ஆட்டம், அந்தத் தடக் தடக், காலிலிருந்து உச்சி வரைக்கும் ஏறியது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

சானட்டோரியத்தில் வண்டி நின்றது. ஒரு பெண்மணி ஏறி, கதவருகே நின்று இருமினார். ரெண்டே இருமல்.

விரல் மரத்துவிட்டது. எழுந்துவிட்டேன். கதவு ரெண்டு எட்டில் இருந்தது, பிளாட்பாரம் தெரிந்தது, இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால் கால் மணி நேரத்தில் வீடு. "நான் இறங்குறேன்" என்றேன், "எனக்குப் பயமா இருக்கு." அந்த வார்த்தையை நான் இந்தக் கம்பார்ட்மென்டில் சொன்னதே இல்லை.

யாரும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. 'ஒன்றுமில்லை, பயப்படாதே' என்று யாரும் சொல்லவில்லை. தையல்நாயகி டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஹேமாவதி பையைத் தோளில் மாட்டினாள். கன்னியம்மாக்கா செருப்பைக் காலால் துழாவிப் போட்டுக்கொண்டு, "சரி, எறங்கலாம்" என்றார். மூன்று பேரும் கதவைப் பார்த்து வரிசையாக நின்றார்கள்.

அதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்!

"எங்க எழுந்திருக்கிறீங்க? எட்டு மாசம் காத்துக் கிடந்து வண்டி ஏறிட்டு, ஒரே ஸ்டேஷன்ல இறங்குறீங்களா? அறிவிருக்கா யாருக்காவது? உக்காருங்க எல்லாரும்!"

மூன்று பேரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். வண்டி கிளம்பியது. நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான். எதிரில் காலியாக என் இடம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு அடிக்க அடிக்கப் போய் அதில் உட்கார்ந்தேன்.

"அடுத்தது என்ன ஸ்டேஷன் அக்கா?" என்றாள் ஹேமாவதி.

"குரோம்பேட்டை" என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் பெட்டி முழுக்கக் கேட்டது.